எல்லைக்கோட்டை வரைவது எவர்?

(வளவனூரில் தனித்தமிழ் அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும், "இது கல்லூரி வகுப்பறைக்கு உரியதாயிற்றே, வளவனூரில் இதற்கென்ன வேலை?" என்று அன்பர் ஒருவர் கேட்டார். பகுப்பாய்வு வேதியியலில் தரக் கட்டுப்பாட்டு எல்லைகள் என்பது பொருள். அதற்கு இங்கே வேலை உண்டு. நாள்தோறும் இருமுறை, காலையிலும் மாலையிலும், இவ்வூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரு பகுப்பாய்வு நடக்கிறது. பால் கூட்டுறவுக் கழகத்தில் உங்கள் ஏனத்திலிருந்து சிறிது பாலை எடுத்து, அதில் கொழுப்பு எத்தனை விழுக்காடு, கொழுப்பல்லாத திண்மம் எத்தனை விழுக்காடு என்று பார்த்து எழுதுகிறார்களே, அதுதான் பகுப்பாய்வு வேதியியல். அந்த எண்ணே உங்கள் பாலின் விலை. அரசு 2022 நவம்பரில் ஆவின் பால் வாங்குவிலையை உயர்த்தியபோது, ஆவின்பால் இலிட்டருக்கு 35 உருபா என்று அறிவித்தது. அந்த விலை 4.3 விழுக்காடு கொழுப்பும் 8.2 விழுக்காடு பிற திண்மமும் உள்ள பாலுக்கு. 2023 திசம்பரில் இலிட்டருக்கு 3 உருபா ஊக்கத்தொகை சேர்ந்தது. ஊக்கத்தொகை வந்த செய்தி எல்லார்க்கும் தெரிந்தது. 4.3 என்னும் அந்த எண்ணை அளப்பது எது, அளக்கும் கருவியை அளப்பது எது என்னும் கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை.

'ஆவின்' என்று எத்துணை நல்ல தமிழ்ப்பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! ஆவினுடையது என்று பொருள். பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. பல ஊர்களில் கருவித் திரையில் ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. அதைப்பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

அளவையை ஆய்ந்தறிதல் நமக்குப் புதியதன்று. கழகக் காலப் புலவர் சிலர் பெயரோடு 'வண்ணக்கன்' என்னும் அடை ஒட்டிக்கொண்டிருக்கும். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்பன எடுத்துக்காட்டு. வண்ணக்கன் என்றால் காசின் நலம் ஆய்பவன், பொன்னின் மாற்று அறிபவன். இன்றைய ஆங்கிலப் பட்டத்தை மறந்துவிட்டுப் பார்த்தால், ஆய்வக வேதியியலருக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் கல்வெட்டுகள் கோயிற்பொன் நிறுத்த கல்லின் பெயரையும் பொறித்து வைத்தன. 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்தது என்று. பொன் எத்தனை கழஞ்சு என்று எழுதியதோடு நின்றுவிடவில்லை. எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதையும் சுவரில் வெட்டினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் கோயிற் சுவரில் இருந்த அந்த ஒழுங்கு, இன்று பால் அளக்கும் அறையின் சுவரில் இருக்கிறதா?

இனி, பொருளுக்கு வருவோம்.

பாலின் கொழுப்பை அளக்கும் பழைய உறுதியான முறை கெர்பர் முறை. சுவிட்சர்லாந்து வேதியியலர் நிக்லாசு கெர்பர் 1890களில் வகுத்தது. ஒரு கண்ணாடிக் குழலில் 10 மில்லி இலிட்டர் கந்தகக் காடி. அதன்மேல் மெல்ல 10.75 மில்லி இலிட்டர் பால். பின்னர் அமைல் சாராயம் 1 மில்லி இலிட்டர். அடைத்துக் குலுக்கினால் குழல் கை பொறுக்காத அளவுக்குச் சுடும். காடி பாலின் புரதத்தைக் கரைத்துக் கொழுப்பை விடுவிக்கிறது. குழலைச் சுழற்பொறியில் இட்டு மணித்துளிக்கு 1,100 சுற்று வீதம் ஏறத்தாழ ஐந்து மணித்துளி சுற்றி, 65 பாகை வெந்நீரில் நிறுத்தி எடுத்தால், கொழுப்பு மஞ்சள் நிறத் தூணாகக் குழலின் கழுத்தில் நிற்கும். கழுத்திலுள்ள கோடுகளைப் படித்தால் விழுக்காடு தெரியும். இன்று பெரும்பாலும் ஒலியலைகளால் அளக்கும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் அவற்றைச் சீர்செய்ய வேண்டுமானால் கெர்பர் போன்றதொரு அடிப்படை முறையிடந்தான் திரும்பிப் போக வேண்டும்.

இப்பொழுது ஒன்று சொல்கிறேன். ஒரே பாலை, நன்றாகக் கலக்கிய ஒரே பாலை, ஒரே ஆள் இருபது முறை ஆய்ந்தால் இருபது முறையும் ஒரே எண் வராது. 4.30 வரும், 4.25 வரும், 4.35 வரும். இது ஏமாற்றன்று, சோம்பலுமன்று. காடி திறந்திருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மெலியும். மெலிந்தால் புரதம் முழுதும் கரையாது. கொழுப்புத் தூணின் அடியில் வெண்மையான கசடு நிற்கும். காடி மிகக் கடுமையாக இருந்தாலோ கொழுப்பே கருகிக் கரும்புள்ளி தோன்றும். வெந்நீர் ஆறியிருந்தால் தூண் சுருங்கும். பொறியின் சுழற்சி மின்னழுத்தத்தைப் பொறுத்துத் தளரும். கண் கோட்டுக்கு நேரே இல்லாமல் மேலிருந்து பார்த்தால் ஓர் எண், கீழிருந்து பார்த்தால் வேறோர் எண். பதம் எடுப்பதிலும் அப்படியே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பாலுக்கு அது பொருந்த வேண்டுமானால் முதலில் பானையைக் கலக்க வேண்டும். நிற்கும் பாலில் கொழுப்பு மேலே மிதக்கும். மேலிருந்து மொண்டால் உழவனுக்கு ஊதியம், அடியிலிருந்து எடுத்தால் இழப்பு.

இவ்வாறு எண்கள் சிதறுவது இயற்கை. ஆகவே கேள்வி, சிதறுகிறதா என்பதன்று. எவ்வளவு சிதறினால் அது இயல்பு, எவ்வளவுக்கு மேற்போனால் ஏதோ கெட்டுவிட்டது என்று கொள்வது? இதுவே கேள்வி. இதற்கு விடை கண்டவர் அமெரிக்கத் தொலைப்பேசித் தொழிலில் பணியாற்றிய வால்ட்டர் சூவார்ட்டு. 1924 மே 16 அன்று அவர் தம் மேலாளருக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அதில் ஒரு சிறு வரைபடம். அதுவே உலகின் முதல் கட்டுப்பாட்டு வரைபடம். 1931இல் அவர் நூலும் வந்தது. 1947-48இல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தை நடத்திய மகலனோபிசு அழைக்க, சூவார்ட்டு இந்தியாவுக்கே வந்து இக்கலையைக் கற்பித்துச் சென்றார். 1950இல் இலெவி, செனிங்சு என்னும் இருவர் இதனை மருத்துவ ஆய்வகங்களுக்குக் கொண்டுசென்றனர். இன்று உங்கள் குருதியில் சருக்கரை பார்க்கும் நல்ல ஆய்வகம் எதுவும் இந்த வரைபடம் இல்லாமல் நடப்பதில்லை.

செய்முறை எளிது. நன்றாகக் கலக்கிக் கெடாமல் காத்த ஒரு பாலைக் கட்டுப்பாட்டுப் பதமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை நாள்தோறும், உழவர் பாலைத் தொடுமுன், ஆய்ந்து எழுதுங்கள். இருபது நாள் எழுதினபின் எல்லாவற்றையும் கூட்டி இருபதால் வகுத்தால் நிரவல் வரும். (சராசரி என்று வழங்குகிறோமே, அது இந்துத்தானி வழியாய் வந்த சொல். மேட்டையும் பள்ளத்தையும் நிரவினால் கிடைப்பது நிரவல். சொல்லே கணக்கைக் கற்பித்துவிடுகிறது.) ஒவ்வொரு நாளின் எண்ணும் நிரவலிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் கொண்டு திட்ட விலக்கம் கணக்கிடுகிறோம். கணக்குக்காக நானே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை: நிரவல் 4.30, திட்ட விலக்கம் 0.04. நடுக்கோடு 4.30இல் வரைக. அதிலிருந்து இரு மடங்கு விலக்கத்தில், 4.22இலும் 4.38இலும், விழிப்பு எல்லைகள். மும்மடங்கு விலக்கத்தில், 4.18இலும் 4.42இலும், செயல் எல்லைகள். இவையே கட்டுப்பாட்டு எல்லைகள். எல்லாம் செவ்வையாக நடக்கும்போது விழிப்பு எல்லைக்கு வெளியே ஏறத்தாழ 22 முறைக்கு ஒருமுறை புள்ளி விழும். செயல் எல்லைக்கு வெளியே ஏறத்தாழ 370 முறைக்கு ஒருமுறைதான் விழும். ஆகவே செயல் எல்லைக்கு வெளியே புள்ளி விழுந்தால் அன்றைய ஆய்வை நிறுத்திக் கரணியம் தேடவேண்டும்.

ஏன் மூன்று? இரண்டரையோ நான்கோ ஆகாதா? சூவார்ட்டு அதனை வெறுங் கணக்கால் மட்டும் தீர்மானிக்கவில்லை. இரு வகைப் பிழைகளை எடை போட்டார். ஒன்றும் கெடாதபோது கெட்டதென்று ஓடுவது ஒரு பிழை. கெட்டபோது தூங்குவது மற்றொரு பிழை. கோட்டை நெருக்கினால் முதற்பிழை பெருகும், விலக்கினால் இரண்டாம் பிழை பெருகும். இரண்டுக்கும் நடுவில், பட்டறிவைக்கொண்டு, மூன்று என்று வைத்தார். அறிவியலிலும் ஆள்வினைத் தேர்வு உண்டு என்பதற்கு இது சான்று.

எல்லை என்றதும் நம்மவர்க்குத் திருத்தணியும் தேவிகுளமும் பீர்மேடும் நினைவுக்கு வரும். 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின; 1960இல் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. அங்கே கோடு வரைந்தவர் தில்லியில் இருந்தார். கோட்டுக்கு இருபுறமும் வாழ்ந்தவர் இங்கே இருந்தனர். நான் இன்று பேசும் பொருளிலும் இரு வகை எல்லைகள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பெருந்தீங்கு விளைகிறது.

ஒன்று, வெளியிலிருந்து இடும் எல்லை. சட்டமோ விலைப்பட்டியலோ இடுவது. 4.3 என்பது அத்தகையது. மற்றொன்று, வேலை தன் இயல்பால் தானே காட்டும் எல்லை. 4.18, 4.42 என்பன அத்தகையன. இவற்றை எந்த அதிகாரியும் ஆணையிட்டு உண்டாக்கவில்லை. அந்த அறையின் கருவியும் காடியும் கையும் கூடி இருபது நாளில் தாமே சொன்னவை. முதலாவது எல்லை பாலைப் பற்றியது. இரண்டாவது எல்லை பாலை அளப்பவரைப் பற்றியது. உழவன் முதல் எல்லைக்குக் கீழே விழுந்தால் காசு குறைக்கிறார்கள். அளப்பவர் இரண்டாவது எல்லைக்கு வெளியே விழுந்தால் என்ன செய்கிறார்கள்? கோடே வரையாத இடத்தில் வெளியேது, உள்ளேது?

இவ்வெல்லைகளின் வேறுபாட்டை விளக்க நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2018இல் நாடெங்கும் 6,432 பால் பதங்களை ஆய்ந்து, 2019 அக்குதோபரில் முடிவை வெளியிட்டது. தண்ணீர் கலப்படத்தைவிட அப்புளாநஞ்சு எம்1 என்னும் பூஞ்சை நஞ்சே அதில் பேசப்பட்டது. ஒரு கிலோவுக்கு 0.5 நுண்கிராமுக்குமேல் அந்நஞ்சு இருத்தல் கூடாது என்பது நம் சட்ட எல்லை. 368 பதங்கள் அதைத் தாண்டின. அவற்றுள் 88 தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட 551 பதங்களைச் சேர்ந்தவை. மாநிலங்களுள் நம்முடையதே மிகுதி. ஆன் தின்னும் கடலைப் பிண்ணாக்கிலும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் பட்டால் பூஞ்சை பற்றும். அது விடும் நஞ்சு ஆவின் ஈரலில் உருமாறிப் பாலில் இறங்கும். நிலக்கடலைக்குப் பேர்போன திண்டிவனம் நமக்குப் பக்கத்தில், டி.எம்.வி. என்று பெயர் தாங்கிய கடலை வகைகள் அவ்வூர் ஆய்வுநிலையத்தின் பெயரைத்தான் சுமக்கின்றன. ஆகவே இது நம் வீட்டுச் செய்தி.

ஒரு கிலோவுக்கு அரை நுண்கிராம் என்றால், ஒரு டன் பாலில் அரை மில்லிகிராம். அவ்வளவு நுண்ணிய அளவில் சிதறல் பெரிதாக இருக்கும். அமெரிக்க வேதியியலர் ஆர்விட்சு 1980இல் பல ஆய்வக ஒப்பீடுகளைக் கூட்டிப்பார்த்து ஒன்று கண்டார். தேடும் பொருள் நூறு மடங்கு அருகினால், ஆய்வகங்களிடையே எண்களின் சிதறல் ஏறத்தாழ இரு மடங்காகும். நூற்றில் ஒரு பங்கு இருக்கும் பொருளுக்கு 4 விழுக்காடு சிதறல். பத்திலக்கத்தில் ஒரு பங்குக்கு 16 விழுக்காடு. பிறகு 0.49 வந்த பால் நல்லது, 0.51 வந்த பால் நஞ்சு என்று எப்படித் துணிவது? துணியலாம், ஆனால் ஒன்று வேண்டும். அன்று அந்த ஆய்வகம் தன் கட்டுப்பாட்டுப் பதத்தை ஆய்ந்தபோது புள்ளி எங்கே விழுந்தது, அதற்கு முந்திய முப்பது நாளில் எங்கெங்கே விழுந்தது என்னும் வரைபடம் வேண்டும். அதைக் காட்டாமல் நீட்டும் எண், எந்தக் கல்லால் நிறுத்தது என்று சொல்லாத பொன்.

எல்லாச் சிக்கலும் இத்துணை நுண்மையானதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்குதோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆக்கிய ஓர் இருமல் நீர்மத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு கண்டது. ஏற்கத்தக்க எல்லை 0.1 விழுக்காடு. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மாண்டனர். அங்கே விழிப்பு எல்லையும் செயல் எல்லையும் பேச இடமே இல்லை. சந்தைக்கு விடுமுன் ஒரே ஓர் ஆய்வு செய்திருந்தால் போதும். அளக்காதவரின் குற்றம் அது. நான் பேசுவது, அளந்தும் தவறுகிறவரின் குற்றம். அது ஓசையின்றி நடப்பது, எவரும் சாவதில்லை, ஆகவே செய்தித்தாளில் வருவதில்லை.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காடிப் புட்டியின் மூடி தளர்ந்து காடி சிறிது சிறிதாக மெலிகிறதென்று வையுங்கள். என் கணக்கில் அளவு 0.06 தாழ்ந்துபோகிறது. கட்டுப்பாட்டுப் பதத்தின் எண் 4.24ஐச் சுற்றிச் சிதறுகிறது. செயல் எல்லையாகிய 4.18ஐ அது பெரும்பாலும் தொடாது. "எல்லாப் புள்ளியும் உள்ளேதானே இருக்கிறது?" என்பார் ஆய்வர். உள்ளேதான் இருக்கிறது. ஆனால் பத்து நாளும் நடுக்கோட்டுக்குக் கீழேயே இருக்கிறது. நாணயத்தைச் சுண்டினால் பத்து முறையும் பூவே விழுவதற்கு 1,024இல் ஒரு வாய்ப்பு. அவ்வாறு விழுந்தால் நாணயத்தை ஐயுறுவீர்களா, மாட்டீர்களா? எல்லை தாண்டாவிட்டாலும் பத்துப் புள்ளி தொடர்ந்து ஒரே பக்கம் நின்றால் கரணியம் தேடு. இரு புள்ளி அடுத்தடுத்து ஒரே பக்கத்து விழிப்பு எல்லையைத் தாண்டினால் கரணியம் தேடு. 1981இல் வெசுட்டுகார்டு என்பவரும் அவர்தம் தோழர்களும் மருத்துவ ஆய்வகங்களுக்காகத் தொகுத்த நெறிகளுள் இவையும் உண்டு.

0.06 என்பது அற்பம் என்று தோன்றும். நாளைக்கு 1,000 இலிட்டர் பால் வாங்கும் கழகத்தில் அது ஏறத்தாழ 0.6 கிலோ கொழுப்பு. முப்பது நாளில் 18 கிலோவுக்கு மேல் கொழுப்பு கணக்கில் காணாமற்போகும். திருடன் எவனுமில்லை. பாலில் தண்ணீர் கலந்தாள் என்ற பழி மட்டும், ஒரே ஒரு கறவை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மீது விழும். பிழை மறுபக்கம் சாய்ந்தால், ஊரில் மிகுதியாகக் குறித்த கொழுப்பு மாவட்ட ஒன்றியத்தில் ஆயும்போது குறையும்; அப்பொழுது கழகத்துப் பணியாளர்மீது பழி. நடுவில் நின்று இருவரையும் காக்கக்கூடிய ஒரே சான்று அந்த வரைபடம். அது அளப்பவருக்குப் பகை என்று எண்ணுவது பேதைமை.

வரைபடம் இருந்தும் அதைக் கெடுக்கும் வழிகள் பல. அவற்றை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் வரைபடமே இல்லாததைவிடப் பொய் வரைபடம் கொடியது. கருவி விற்றவன் கொடுத்த கையேட்டில் ஓர் எல்லை அச்சிட்டிருக்கும்; அதையே தாளில் வரைந்து வைத்துக்கொள்வார்கள். அது அவன் ஆலையில், அவன் ஆளால் வந்த எல்லை. உங்கள் அறையின் புழுக்கமும் மின்னழுத்தமும் அதற்குத் தெரியா. இன்னொரு வழி, ஒரே நாள் காலையில் இருபது முறை ஆய்ந்து எல்லை கணக்கிடுவது. ஒரே காலையில் காடியும் மாறாது, ஆளும் மாறார், சிதறல் சிறிதாகத் தோன்றும், கோடு நெருங்கிவிடும், மறுநாளிலிருந்து புள்ளிகள் வெளியே விழத் தொடங்கும், ஒரு கிழமைக்குள் எல்லாருக்கும் சலித்துவிடும். பிறகு வரைபடத்தைச் சுருட்டிப் பரண்மேல் போடுவார்கள்.

இதற்கு நேர்மாறான கேடும் உண்டு. ஒவ்வொரு திங்களும் புதிய எண்களைக்கொண்டு எல்லையைத் திரும்ப வரைவது. கருவி சாயச் சாய நடுக்கோடும் கூடவே சாய்ந்துகொடுக்கும். புள்ளி எப்போதும் உள்ளேயே இருக்கும். வேலிக்கால் நகர்வதற்கேற்பப் பட்டாவைத் திருத்திக்கொடுக்கும் கணக்கப்பிள்ளைபோல! எல்லையை ஒருமுறை ஒழுங்காக வரைந்தால், கருவியோ முறையோ பதமோ மெய்யாக மாறினாலன்றி அதை நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் ஏன் நகர்த்தினோம் என்று தாளிலேயே எழுத வேண்டும். வெளியே விழுந்த புள்ளியைக் குறிக்காமல், "கை தவறிவிட்டது" என்று மறுபடி மறுபடி ஆய்ந்து, உள்ளே விழுந்ததை மட்டும் குறிப்பதும் உண்டு. அது கணக்கில் செய்யும் கையூட்டு.

மிகுந்த நல்லெண்ணத்தால் விளையும் கேடு ஒன்றுண்டு. காலையில் கட்டுப்பாட்டுப் பதம் 4.34 காட்டியதென்று கருவியை 0.04 கீழே இறக்குவார் ஒருவர், மறுநாள் 4.27 வந்ததென்று 0.03 மேலே ஏற்றுவார். அக்கறையானவர், ஐயமில்லை. ஆனால் கணக்குப் போட்டால், இவ்வாறு ஒவ்வொரு சிதறலுக்கும் கருவியைத் திருகுகிறவரின் எண்கள், தொடாமல் விட்டவரின் எண்களைப்போல் 1.4 மடங்கு சிதறும். எல்லைக்குள் இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டிருக்கக் கற்பிப்பதும் இந்த எல்லைக்கோட்டின் பணி. நம்மவர்க்கு இதுவே கடினம்.

"இதெல்லாம் படிக்காத பெண்களுக்கு விளங்குமா?" என்று கேட்பவர் இருக்கிறார்கள். அவர்கள் சந்தைக்குப் போனதில்லை போலும். வணிகர் தராசைத் தூக்கியதும் நம் தாய்மார்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? வெறுந்தட்டுகள் இரண்டும் ஒத்து நிற்கின்றனவா என்று. அதன்பிறகே கத்தரிக்காய். கட்டுப்பாட்டுப் பதம் என்பது அந்த வெறுந்தட்டு. உழவர் பாலைத் தொடுமுன் கருவி தன்னைத்தானே காட்டிக்கொள்ள வேண்டும். இந்த அறிவு நம் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் பொதிந்து அவர்களிடமிருந்தே ஒளித்துவிட்டார்கள்.

தனித்தமிழ் என்றால் புலவர்கள் வீண்வேலை என்று நகைப்போருக்கு இங்கே விடை இருக்கிறது. திரையில் மூன்று ஆங்கில எழுத்து மின்னுகிறது. அதைப் படிக்கத் தெரியாதவர் கேள்வி கேட்க முடியாது. கேள்வி கேட்க முடியாதவரிடம் பிழையைத் தள்ளிவிடுவது எளிது. 'கொழுப்பு', 'பிற திண்மம்', 'நடுக்கோடு', 'விழிப்பு எல்லை', 'செயல் எல்லை' என்று சுவரில் எழுதிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளை தன் பாட்டிக்குப் படித்துக் காட்டிவிடும். வேதியியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்னும் ஐயம் 1875லேயே தீர்ந்துபோயிற்று. மருத்துவர் கிறீன் ஈழத்து மானிப்பாயில் தமிழில் மேலைமருத்துவம் கற்பித்துக் 'கெமிசுதம்' என்னும் வேதியியல் நூலையே அச்சிட்டுக் கொடுத்தார். அவர் அமெரிக்கர். அவருக்கு முடிந்தது நம் துறைகளுக்கு முடியவில்லை.

ஆகவே இவ்வூர் அன்பர்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. முப்பதடி கம்பமும் கொடியும் வேண்டா. ஒரு கட்டத்தாள், ஒரு கரிக்கோல் போதும். உங்கள் பால் கழகத்துக்குப் போய், செயலாளரோடு சண்டையிடாமல், உறவினர்போல் அமர்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். ஐயா, இன்று காலை எங்கள் பாலைத் தொடுமுன் எந்தப் பாலை வைத்துக் கருவியைப் பார்த்தீர்கள்? என்ன எண் வந்தது? நேற்றும் முந்தாநாளும் வந்த எண்கள் எங்கே எழுதியிருக்கின்றன? விடை இல்லையென்றால் சினக்க வேண்டா; அவருக்கு எவரும் கற்பித்திருக்க மாட்டார்கள். இருபது நாள் எழுதச் சொல்லுங்கள். கணக்கிட இவ்வூரிலேயே கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இக்கூட்டத்திலேயே நால்வரைப் பார்க்கிறேன். நிரவலும் திட்ட விலக்கமும் ஒரு மாலையில் போட்டுவிடலாம். கோடுகளைத் தமிழில் பெயரிட்டு, பால் ஊற்ற வருவோர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், ஊற்றும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். இருபத்தோராம் நாள் காலையில் முதற்புள்ளியை வைக்கும்போது நீங்களும் உடனிருங்கள். மாவட்ட ஒன்றியத்தின் ஆய்வகத்துக்கும் அதே மூன்று கேள்வியை எழுதி, கழகத்தின் தீர்மானமாகவே விடுங்கள். தமிழில் எழுதுங்கள், தமிழில் விடை கேளுங்கள். அடுத்த திங்கள் நான் இவ்வழியே புதுச்சேரி போகும்போது இறங்கி அந்தத் தாளைப் பார்க்கிறேன்.